கூரை நிமிர்ந்த வியாழக்கிழமை

ஐடஹோ மலைகளுக்கு நடுவே இருந்த மக்கே ஊரில் லரே ஸ்டாடர்டைப் பார்த்து, வண்டி ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய வயதில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவள் ஓட்டிய மஞ்சள் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். உருளைக்கிழங்கு அறுவடைக்கென்று பள்ளிக்கு விடுமுறை விடுகிற ஊர் அது. காலுக்கு பெடல் எட்டாத வயதிலேயே முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டு அப்பாவின் கிழங்கு லாரியை வயலில் ஓட்டியவள் லரே. கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, கடைசிப் பிள்ளை கையை விட்டு நடக்க ஆரம்பித்த வருஷம் பஸ் சாவியை வாங்கினாள். ஜனவரியில் மலைச்சாலை கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். அப்போதும் அவள் பஸ் பள்ளத்தில் இறங்கியதில்லை. கிளப்பும் முன் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு விளக்கையும், ஒவ்வொரு தாழ்ப்பாளையும் கையால் தொட்டுப் பார்ப்பாள். பயணம் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்துபோய், எந்தக் குழந்தையாவது தூங்கிக்கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். "சிஸ்டர் ஸ்டாடர்ட் பஸ்ஸக் குளிப்பாட்டுது" என்று, சர்ச் சபையில் பெண்களை அழைக்கிற முறையிலேயே, பிள்ளைகள் பின் சீட்டிலிருந்து கேலி செய்ததுண்டு. அவள் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பாள். சுற்றுவதை மட்டும் நிறுத்தமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஓய்வுபெற்று, எதையும் ஓட்டாமல் வீட்டில் இருந்த ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமைதான் கொழுந்தன் ட்வெய்ன், குடும்பத்தோடு வருஷாவருஷம் போகிற எல்க் மான் வேட்டைப் பேச்சை எடுத்தான். சர்ச் முடிந்து எல்லோரும் லரேயின் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் எல்க் கேம்ப்பக் கீழ கொண்டாந்துரலாம்னு நெனைக்கறேன்" என்றான் ட்வெய்ன். "அணைக்குக் கீழ சரளைக்கல்லு மைதானம் இருக்கில்ல, அங்க. கரன்ட் இருக்கு, குழாய்த்தண்ணி இருக்கு. அண்ணன் பகல்ல வந்து ஜாலியா உக்காந்துட்டு, பொழுதோட வீட்டுக்குப் போயிரலாம்."

"கீழ எல்க் மானு எதுக்கு வரும்? அணையில நீச்சல் பழகவா?" என்றாள் லரே.

"அண்ணி, வெளையாட்டில்ல. போன வருஷம் தூக்குனது நானு."

போன வருஷம் நடந்தது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். லரேயின் புருஷன் வெர்லுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்த வருஷம் அது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவனே சொல்லி, வழக்கம்போல் அக்டோபரில் மலைமேல் டர்பின் ஓடைக்குப் போய் கூடாரத்தில், தாழ்வான கான்வாஸ் கட்டிலில் படுத்தான். விடிகாலைக் குளிரில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ட்வெய்னும் அவன் மகன்களும் சேர்ந்து, பீரோவைத் தூக்குவதுபோல் வெர்லைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போடவில்லை. கிரேடர் இயந்திரத்தால் அந்த மலைச்சாலையைச் சீப்பு போட்டு வாரியதுபோல் வருஷக்கணக்கில் சீர்செய்தவன். இப்போது அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தான். லரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க மேலதான் வருவோம்" என்றாள். "எங்க வண்டியில. யாரும் ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம். வியாழன் ராத்திரி அங்க படுத்து, வெள்ளிக்கெழம காலையில வெர்ல் தானா எந்திரிச்சு நின்னா, கேம்ப் எப்பவும்போல டர்பின் ஓடையில. நிக்கலைன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். நீ கை காட்டற எடத்துக்கு வர்றேன்."

"என்னைய வச்சு ஏலமா நடக்குது இங்க?" என்றான் வெர்ல், உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்தியபடி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எந்த வண்டி அண்ணி?" என்று கேட்டான் ட்வெய்ன்.

"இனிமேத்தான் வாங்கணும்."

ட்வெய்னின் மனைவி மார்வா சிரித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ட்வெய்னும் சிரித்தான். "சரி. கடைசியா வர்றவங்கதான் மொத நாள் பாத்திரம் கழுவணும். கேம்ப் வழக்கம் மறந்துருக்க மாட்டீங்க. சோப்பு மறக்காம கொண்டாங்க."

"கொண்டாறேன்" என்றாள் லரே.

ட்வெய்னிடம் நீளமான ட்ரெய்லர் வீடு ஒன்று உண்டு. உள்ளே சோபா, டிவி, கணப்பு எல்லாம் இருக்கும். ஆனால் டர்பின் ஓடைப் பாதையின் முதல் வளைவிலேயே அது மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மைதானம் அவனுக்குச் சௌகரியம். லரேக்கு வேண்டியது வேறு. சாலையில் போகும்போது குனிந்து போகவேண்டும், போய் நின்றதும் நிமிரவேண்டும், உள்ளே நாற்காலி உயரத்தில் வெர்லுக்குப் படுக்கை வேண்டும். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிவைக்கிற, கேம்பர் என்ற குட்டி வீடு ஒன்று, கூரையைத் தள்ளினால் சுற்றிலும் கித்தான் சுவரோடு மேலே எழும்புகிற ரகம், எப்போதோ ஒரு வெளியூர் வேட்டைக்காரர் வைத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். அதைத் தேடி அலைந்து, ஐடஹோ ஃபால்ஸில் ஓர் இளம் தம்பதியிடம் கண்டுபிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை நிறைமாதம்.

"இதுக்குள்ள இப்ப நானே நொழைய முடியல, அதான் குடுக்கறோம்" என்றாள் அந்தப் பெண், வயிற்றைத் தடவிக்கொண்டே.

வெர்ல் உள்ளே ஏறி பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்தான். லரேயைப் பார்த்தான். அவ்வளவுதான். வாங்கியாகிவிட்டது. ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மேல் படுக்கை லரேக்கு என்று முடிவாயிற்று.

வீட்டு முற்றத்தில் அது நான்கு ஜாக்கிக் கால்களில் நின்றது, கொக்குபோல. அதன் அடியில் பிக்கப்பை ரிவர்ஸில் நுழைக்கவேண்டும். இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுழையும் இடைவெளிதான். அந்த ஊரில் ட்ரெய்லரோ கேம்பரோ மாட்டும்போது புருஷன் வண்டியில் இருப்பான், பெண்டாட்டி பின்னால் நின்று கையாட்டுவாள். அன்று மாலை இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஸ்டாடர்ட் வீட்டில் ஓட்டுவது லரே, கையாட்டுவது வெர்ல். எதிர்வீட்டு பிரதர் ஹாகெட் இதைப் பார்ப்பதற்கென்றே நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"இடது... இல்ல, உன் இடது... வா, வா... நில்லு... வா..." வெர்லின் இரண்டு கைகளும் காற்றாடியாகச் சுழன்றன.

லரே பிரேக்கை அழுத்திக் கண்ணாடியை இறக்கினாள். "வெர்ல், நீ கைய ஆட்டறது எனக்கு வழி சொல்லவா, ஈ ஓட்டவா?"

"ஒதவி பண்றேன்."

"கண்ணாடியில தெரியற மாதிரி ஒரே எடத்துல நில்லு. இடிக்கப் போறேன்னா மட்டும் கத்து. இல்லேன்னா உள்ள கேக் இருக்கு, போய் சாப்பிடு."

"கத்துனா கேக்குமா?"

"ஒரு பஸ்ஸு நெறைய பிள்ளைங்க கத்தறதுக்கு நடுவுல ஓட்டுனவ. உன் சத்தம் கேக்காதா?"

வெர்ல் நின்ற இடத்தில் நின்றான். பிக்கப் ஒரே மூச்சில் பின்னால் போய் உறைக்குள் கத்தி போவதுபோல் நுழைந்து நின்றது. பிரதர் ஹாகெட் நாற்காலியை மடித்துக்கொண்டு, "சண்டையே வரல, எந்திரிச்சு வந்தது வீணாப்போச்சு" என்று உள்ளே போனார். லரே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இழுத்துக்கட்டும் கொக்கி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அன்று பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்ததை வெர்ல் கேட்டான்.

முதல் இரவு அதிலேயே, சொந்த முற்றத்திலேயே படுத்துப் பார்த்தார்கள். விடிந்ததும் வெர்லின் நெற்றியில் சொட்டு விழுந்தது.

"கூரை ஒழுகுது லரே. ஏமாத்திட்டாங்க அந்தப் பிள்ளைங்க."

லரே கையை நீட்டிக் கூரையைத் தடவினாள். "வெளிய மழையே இல்ல. இது நம்ம மூச்சு. ராத்திரி பூராம் ஜன்னலயெல்லாம் சாத்தி வச்சுருந்தோம்ல."

"என் மூச்சா? இவ்வளவா?"

"நீ விட்ட கொறட்டைக்கு இது கம்மி."

கூரையை இறக்கும்போது அடுத்த பாடம். எல்லாவற்றையும் இறுகச் சாத்திவிட்டு இழுத்தால் கூரை பாதியில் நின்றுகொண்டது. கித்தான் சுவர் நான்கு பக்கமும் தவளை வயிறு மாதிரி உப்பியது. வெர்ல் பட்டையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். கூரை அசையவில்லை. லரே யோசித்து, கதவை ஒரு கையளவு திறந்துவிட்டாள். கூரை பெருமூச்சு விட்டுக்கொண்டு தானாக உட்கார்ந்தது. அதன்பிறகு எப்போது இறக்கினாலும் முதலில் கதவு.

ஒன்று மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. கூரையை ஏற்றும்போது பின்பக்கத்தை நின்றுகொண்டே தள்ளிவிடலாம். முன்பக்கம்தான் சங்கடம். மேல் படுக்கையின் குறுக்கே குனிந்து கையை நீட்டித் தள்ளவேண்டும். லரே குள்ளம். பாதி தூரம் தள்ளுவதற்குள் கூரை திரும்ப உட்கார்ந்துவிட்டது. வெர்ல்தான் வலுவான காலை ஊன்றி, தோளைக் கொடுத்து ஏற்றினான். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

"ரெண்டு பேர் வண்டி. ரெண்டு பேரும் சேந்து தூக்குனா என்ன?" என்றான் வெர்ல்.

"உன் இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா?"

அந்தக் கேள்வி லரேயின் மனதில் கல்லாகக் கிடந்தது.

பள்ளி பஸ் பணிமனை மெக்கானிக், கழித்துக் கட்டிய பழைய பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றித் தந்தார். லரேயின் பஸ்தான் அது. ஊர்ப் பிள்ளைகள் பிடித்துப் பிடித்து மழமழவென்று தேய்ந்த கம்பி. வெர்ல் அதை கேம்பர் வாசலில் போல்ட் போட்டு இறுக்கினான். இனி ஏறும்போதும் இறங்கும்போதும் அவன் கை அதில்தான்.

வியாழக்கிழமை புறப்பாடு. புதன்கிழமை முழுக்க லரே சாமான் ஏற்றினாள். ஒரு வருஷத்துக்கு வேண்டிய உணவு வீட்டு நிலவறையில் இருக்கவேண்டும் என்பது அவர்கள் சபையில் பழக்கம். லரேயின் நிலவறையில் இரண்டு வருஷத்துக்கு இருக்கும். அவள் கண்ணாடி ஜாடிகளில் பதப்படுத்திய பீச் பழம் கேம்ப்பின் முதல் இரவுக்குப் பேர்போனது. இரும்புச் சட்டியில் போட்டு, மேலே மாவு பரப்பி, தணலில் வைத்து இறக்குவாள். ஆகவே பீச். பீச் இருந்தால் பேரிக்காய் இல்லாமலா? பிறகு பீன்ஸ், தக்காளி, மான்கறி ஜாடி. இரும்புச் சட்டிகள். தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள்.

வெர்ல் ஒரு சாக்கை எட்டிப் பார்த்தான். "கோதுமையா? எதுக்கு?"

"பனி கொட்டி ரோடு அடைச்சுக்கிட்டா?"

"அரைக்கறதுக்கு?"

"கையால சுத்தற மிஷினு அந்தப் பெட்டியில இருக்கு."

"ஏன் கேக்கறேன்னா, கோழி மட்டும் கொறையுது" என்றான் வெர்ல்.

லரேக்கு இது தப்பென்றே தோன்றவில்லை. பிள்ளைகள், பைகள், பனிக்காலணிகள், கால்பந்துச் சாமான் என்று எவ்வளவு ஏற்றினாலும் பஸ் முகம் சுளித்ததில்லை. பிக்கப் பஸ் இல்லை என்பது வியாழக்கிழமை காலை, ஊரைத் தாண்டிய முதல் வளைவில் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வண்டி திரும்பியது, ஆனால் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை மாதிரி, ஒரு கணம் தாமதித்து. இரண்டாவது வளைவிலும் அதேபோல். முன்சக்கரங்கள் ரோட்டை ஒப்புக்குத்தான் தொட்டுக்கொண்டிருந்தன. மேலே ஏறுகிற பாதையில் ஒரு பக்கம் பள்ளம்.

மலைப்பாதைக்கு முன் வண்டி நிறுத்த அகலமான இடம் ஒன்றே ஒன்றுதான். அணைக்குக் கீழே இருந்த சரளைக்கல் மைதானம். அங்கே முந்தின நாளே ட்ரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியில் கையில் சூடான சாக்லேட் பானத்தோடு உட்கார்ந்திருந்தான் ட்வெய்ன்.

"நிறுத்தாத லரே" என்றான் வெர்ல். "மெல்லப் போயிரலாம். அவன் பாக்கறான்."

"பாக்கட்டும். எவன் பாக்கறான்னு பாத்து நான் வண்டி ஓட்டுனதில்ல." சொல்லிவிட்டாளே தவிர, மைதானத்தில் திரும்பும்போது அவள் காது மடல் சுட்டது.

இறங்கிச் சுற்றி வந்தாள். வண்டி நாய் உட்காருவதுபோல் பின்னங்காலில் உட்கார்ந்திருந்தது. முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. ட்வெய்ன் கோப்பையோடு வந்தான்.

"என்ன அண்ணி, மூக்கு மேல தூக்கிட்டு நிக்குது? பறந்து போறதா உத்தேசமா?"

லரே தண்ணீர்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சரளையில் ஓடியது. டர்பின் ஓடையில் இல்லாத தண்ணீரா? பிறகு கேம்பருக்குள் ஏறி, ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ட்வெய்னின் மேஜையில் அடுக்க ஆரம்பித்தாள். கோதுமைச் சாக்கு. மாவு மிஷின். இரும்புச் சட்டிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம். மார்வா ட்ரெய்லரிலிருந்து வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

ட்வெய்னின் குரல் இளகிவிட்டது. "நல்ல முடிவு அண்ணி. இங்கயே எறங்கிட்டீங்க. ஒண்ணும் கேவலமில்ல. அண்ணனுக்கும் இதான் சௌகரியம்."

"எறங்குனது பழம். நாங்க மேல போறோம்."

"அப்ப இதெல்லாம்?"

"உன் பிக்கப்புல எடம் இருக்கில்ல. மேல கொண்டாந்து குடு. ராத்திரிக்கு பீச் வேணும்னா."

"யாரும் எதையும் தூக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வெர்லத் தூக்க வேணாம்னு சொன்னேன். பீச்சப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

மார்வா வாய்விட்டுச் சிரித்தாள். "கொண்டு போங்க ட்வெய்ன். அந்தப் பழம் இல்லேன்னா நம்ம பசங்க உங்கள வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

வண்டி நிமிர்ந்து நின்றது. லரே இன்னொரு சுற்றுச் சுற்றி, தொட்டுப் பார்த்து, ஏறினாள். முதல் திருப்பத்தில் ஸ்டியரிங் சொன்னதைச் சொன்ன உடனே கேட்டது. அவள் தோள்கள் இறங்கின.

மேலே போகப் போக ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாய் எரிந்தன. பாதி வழியில் பெரிய பைன் மரமொன்று சாய்ந்து, எதிர்ச்சரிவில் தலைவைத்துப் பாதைக்கு மேலே குறுக்காகப் பாலம்போல் கிடந்தது. வெர்ல் வண்டிக் கதவைப் பிடித்து இறங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் நடந்துபோய், அவள் பார்வை படும் ஒரே இடத்தில் நின்றான். கை ஆட்டவில்லை. உள்ளங்கையை மட்டும் தலைக்குமேல் தட்டையாக வைத்துக் காட்டினான். லரே மெல்ல நகர்த்தினாள். மடங்கிய கூரைக்கும் மரத்துக்கும் நடுவே அந்த உள்ளங்கை அளவுதான் இடம். வண்டி நழுவி வெளியே வந்தது.

"ட்வெய்னோட அரண்மன இதுக்குள்ள வந்துருக்குமா?" என்றான் வெர்ல், ஏறி உட்கார்ந்து. அவன் முகத்தில் பழைய சிரிப்பு. லரே ஒரு வருஷமாக அதைப் பார்க்கவில்லை. "அந்தத் திருப்பத்துல தண்ணி அரிச்சுருக்கும், வலது பக்கமா ஒட்டிப் போ. நான் எத்தன தடவ மண்ணு போட்டாலும் அரிக்கும் அது."

அரித்துத்தான் இருந்தது. வலது பக்கமாக ஒட்டிப் போனாள்.

ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தபோது ஈரப்பனி விழ ஆரம்பித்திருந்தது. குலுக்கலில் வெர்லின் இடுப்பு இறுகிவிட்டது. இறங்க முயன்றான். முகம் வெளுத்தது.

"உக்காரு" என்றாள் லரே. "ஹீட்டர் ஓடட்டும். சூடானதும் சரியாயிரும்."

"கூர?"

"நான் பாத்துக்கறேன்."

இந்த ஒரு வேலைதான் அவளால் ஆகாதது என்று இருவருக்கும் தெரியும். கூரை ஏறாவிட்டால் வெர்ல் படுக்க இடமில்லை. திரும்பி இறங்கி மைதானத்துக்குத்தான் போகவேண்டும். ட்வெய்ன் எதுவும் சொல்லமாட்டான், அதுதான் இன்னும் மோசம்.

சுற்றி வந்து தாழ்களைத் திறந்தாள். எல்லாம் திறந்தாயிற்று என்று கண்ணுக்குத் தெரிந்தபிறகும் கையால் தொட்டுக்கொண்டே இன்னொரு சுற்று வந்தாள். முன்பக்கம் ஒன்று சேறு அப்பி, திறந்ததுபோல் தெரிந்து மூடியே இருந்தது. அதோடு தள்ளியிருந்தால் கூரை வளைந்திருக்கும். சேற்றை நகத்தால் நோண்டித் திறந்தாள். கேம்பரின் கதவைத் திறந்துவைத்தாள்.

பின்பக்கம் ஏறிவிட்டது. முன்பக்கத்தைக் கையால் தள்ளினாள். மேலே பனி வேறு சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு விரற்கடை ஏறி, மறுபடி உட்கார்ந்துவிட்டது. தோளைக் கொடுத்துப் பார்த்தாள். எட்டவில்லை. படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். குளிரில் அவள் மூச்சு அவள் முகத்துக்கு முன்னாலேயே வெண்மையாய் நின்றது. கைகளைப் பார்த்தாள். சின்னக் கைகள். எப்போதும் சின்னவைதான். பஸ்ஸை ஓட்டியது கையா என்ன?

அவள் அப்படியே மல்லாந்து படுத்தாள். முழங்கால்களை மார்புக்கு மடக்கி, பூட்ஸ் இரண்டையும் கூரைப் பலகையில் ஊன்றினாள். ஆட்டோமேடிக் கியர் வருவதற்கு முந்தைய பஸ்களில் ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு மேட்டிலும், அந்த இரும்புக் கிளச்சை அழுத்திய இடது கால் அது. மாற்று ஓட்டுநராக வந்த ஆண்கள் இரண்டே நாளில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போன கிளச். லரே பல்லைக் கடித்து அழுத்தினாள். கூரை முனகியது. பனி சரிந்து பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தது. கால்கள் நீண்டன, நீண்டன, கித்தான் மடிப்பு விரிந்து உள்ளே வெளிச்சம் வந்தது. மேலே 'டக்' என்று பலகை நிமிர்ந்து பூட்டிக்கொண்டது.

படுத்தபடியே அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சிரிப்பு சிரித்தாள்.

வெளியே வந்தபோது வெர்ல் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டியிருந்தான். "யாரு வந்து தூக்குனா?"

"யாரும் வரல."

"பின்ன?"

"கிளச்சு" என்றாள்.

வெர்ல் அவளையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் கல்யாணம் பண்ணுன நாள்லயே அந்தக் காலப் பாத்துப் பயந்தவன்" என்றான்.

மாலையில் ட்வெய்னின் பிக்கப் ஊர்ந்து வந்தது. மார்வா மடியில் துண்டு விரித்து, பீச் ஜாடிகளைப் பிள்ளைகளைப்போல் அணைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே மகன்கள் கூடாரத்தோடு வந்தார்கள். ட்வெய்ன் இறங்கி, நிமிர்ந்து நின்ற கூரையைப் பார்த்தான். உள்ளே இருக்கையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தான்.

"டிபன் டப்பா மூடி தொறந்துருச்சு போல" என்றான்.

"உள்ள வந்து பாரு. கால மட்டும் தொடைச்சுட்டு வா" என்றான் வெர்ல்.

"கடைசியா வந்தது யாரு?" என்று கேட்டாள் லரே. ட்வெய்ன் வாய் திறக்கும் முன், ஏப்ரன் பையிலிருந்து சோப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள். பீச் பழம் அன்று சட்டியின் அடிவரை காலியானது. பாத்திரங்களை விடிந்ததும் கழுவிக்கொள்கிறேன் என்று ட்வெய்ன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டான்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை இன்னும் பாக்கி இருந்தது. வாக்குக் கொடுத்தது அதற்குத்தான்.

வெளிச்சம் கித்தானில் சாம்பல் நிறமாய்ப் படிந்தபோதே லரே விழித்துவிட்டாள். வெளியே ட்வெய்ன் நெருப்பு மூட்டுகிற சத்தம். கீழே வெர்ல் புரண்டான். இருக்கை கிறீச்சிட்டது. பிறகு அமைதி. அவள் மேல் படுக்கையில் கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிப் போய்க் கை கொடுக்க உடம்பு துடித்தது. கொடுக்கக்கூடாது. கொடுத்தால் ஜெயித்தும் ஜெயித்ததாகாது. பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் படியேறும்போது இப்படித்தான், சீட்டை விட்டு எழாமல் தன்னையே பிடித்துவைத்துக்கொள்வாள்.

ஒரு பெருமூச்சு. கால்கள் தரையில் ஊன்றுகிற சத்தம். இன்னொரு அமைதி, முன்னதைவிட நீளமாக. பிறகு அவள் முகத்துக்கு நேராக, கீழேயிருந்து, கலைந்த நரைத்தலை ஒன்று மெல்ல மேலே வந்தது.

"என்ன முழிச்சுக்கிட்டே படுத்துருக்க?" என்றான் வெர்ல், நின்றபடி.

"சும்மாத்தான்."

அவன் கோட்டை மாட்டி, தன் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். ஒரு கை பஸ் கம்பியில். ஒரு படி. இன்னொரு படி. பனியில் கால் பதிந்தது.

நெருப்புக்குப் பக்கத்தில் ட்வெய்ன் வாளியில் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்து, தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, நேற்றைய தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கை சிவந்திருந்தது. அண்ணன் வருவதைப் பார்க்காதவன் மாதிரி தேய்த்தான். தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தான். வெர்ல் பக்கத்தில் வந்து, கழுவி அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதுல பீச் ஒட்டியிருக்கு."

ட்வெய்ன் தட்டை வாங்கிக்கொண்டான். மூக்கை உறிஞ்சி, முழங்கையால் கண்ணைத் துடைத்தான். புகைதான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

"அடுத்த வருஷம் நான் புதன்கெழமையே மேல வந்துருவேன்" என்றான். "இந்தத் தண்ணியில இன்னொரு தடவ கை வைக்க என்னால ஆகாது."

"வா. எடம் நெறைய இருக்கு" என்றான் வெர்ல்.

லரே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி, காலை வழக்கப்படி வண்டியைச் சுற்றி வந்தாள். கொக்கி, தாழ், விளக்கு, கூரையின் ஓரம். ஒவ்வொன்றிலும் கை வைத்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஆனாலும் இன்னொரு சுற்று வந்தாள்.